உள்வாங்கிய காம்புக்கு அறுவை சிகிச்சை: வீட்டுக்கு வந்தபின் சிரிஞ்ச் தாங்கியை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. வயதுக்கு வந்த காலத்திலிருந்தே இரண்டு மார்புக்காம்புகளும் உள்ளே அமிழ்ந்திருந்தன. வலது காம்பை விரலால் இழுத்தால் வெளியே வரும், விட்டதும் உள்ளே போய்விடும். இடது காம்பு இழுத்தாலும் வராது. "இப்படி இருந்தால் பிள்ளைக்குப் பால் கொடுக்கவே முடியாது" என்று உறவினர்கள் சொல்லச் சொல்ல, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசி போட்டு இரண்டு பக்கமும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு காம்பின் மேலும் வெட்டிய சிரிஞ்ச் ஒன்றைக் கவிழ்த்து, காம்பில் கோத்த நூலை அதன் மேல் விளிம்பில் கட்டிவிட்டிருக்கிறார்கள். காம்பு மறுபடி உள்ளே போகாமல் நிறுத்தும் தாங்கி இது. பதினான்காம் நாள் கழற்றுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் பார்வைக்குப் போனபோது வலது நூல் தளர்ந்திருக்கிறது என்று மறுபடி இறுக்கிக் கட்டினார்கள். ஏழாம் நாளிலிருந்து வேலைக்குப் போகிறார். துணிக்கடை கவுன்டரில் நிற்கும் வேலை. புடைப்பு தெரியக்கூடாது என்று இறுக்கமான உள்ளாடை அணிந்துகொள்கிறார். ஒன்பதாம் நாள் இரவு பார்த்தால் வலது காம்பின் நுனி கருநீலமாகத் தெரிகிறது. இடது பக்கம் நூல் தொளதொளவென்று ஆகி, காம்பு சற்று இறங்கியிருக்கிறது. பிளாஸ்டர் ஒட்டிய இடமெல்லாம் சிவந்து அரிக்கிறது. "சிரிஞ்சைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் வைத்து நாமே இழுத்துவிடலாம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நர்ஸ் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்" என்று மாமியார் சொல்கிறாராம். இணையத்தில் மூன்று மாதம் தாங்கி போட வேண்டும் என்று படித்ததாகவும், தன் மருத்துவர் பதினான்கு நாள் என்று சொல்வதால் எதை நம்புவது என்று தெரியவில்லை என்றும் கேட்கிறார். இனிப் பால் கொடுக்க முடியுமா, மறுபடி உள்ளே போய்விட்டால் என்ன செய்வது, மருத்துவமனையிடம் என்ன கேட்கலாம் என்பவை மற்ற கேள்விகள்.

வலது பக்கத்தைப் பற்றிய பதில் காத்திருக்கக்கூடாது என்பதால் அதை மட்டும் அவருக்கு உடனே அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து விரிவான பதில் இங்கே.

சகோதரி, உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுத்துக்கொள்ளவில்லை. அரிப்பையும் நாள் கணக்கையும் பிறகு பார்க்கலாம். நிறம்தான் முதலில்.

வலது காம்பின் நிறம்

அறுவை சிகிச்சையில் காம்பின் அடியில் இருந்த நார்த்திசுவை விடுவித்திருப்பார்கள். காம்பு மறுபடி அமிழாமல் இருக்க அதன் கழுத்தைச் சுற்றி, சுருக்குப்பைக்குப் போடுவதுபோல ஒரு தையலும் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அதாவது, காம்புக்கு ரத்தம் வரும் பாதை ஏற்கெனவே குறுகியிருக்கிறது. அதற்கு மேல் நூலால் இழுக்கும்போது மெல்லிய நாளங்கள் நீண்டு இன்னும் ஒடுங்கும். வீக்கமும் வெளியிலிருந்து அழுத்தமும் சேர்ந்தால் ரத்த ஓட்டம் தடைபடலாம். ரத்தம் உள்ளே வருவது நின்றால் காம்பு வெளுத்துச் சில்லென்று ஆகும். வந்த ரத்தம் திரும்பிப் போக முடியாவிட்டால் கருநீலமாகி உப்பும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகைபோலத் தெரிகிறது.

வெறும் ரத்தக்கட்டாகவும் இருக்கலாம். அதை வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்க வழி உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள் விளக்கில் பார்க்காதீர்கள், டியூப் லைட் அல்லது செல்பேசி டார்ச் வெளிச்சம் வேண்டும். சிரிஞ்சின் மேல் வாய் வழியாகச் சுத்தமான பஞ்சுக் குச்சியால் காம்பின் நுனியை இரண்டு நொடி மெதுவாக அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, சுமார் இரண்டு நொடிக்குள் பழைய நிறம் திரும்பினால் ரத்தம் ஓடுகிறது. திரும்பவே இல்லை என்றாலும், கண்மூடித் திறப்பதற்குள் கருநீலம் திரும்பிவிட்டாலும் நல்லதல்ல. ரத்தக்கட்டாக இருந்தால் அழுத்தினாலும் நிறம் மாறாது. அது பெரும்பாலும் திட்டாக, ஒரு பக்கமாக இருக்கும், நாளாக ஆக ஓரம் பச்சை மஞ்சளாகும்.

ஆங்கிலப் பாடநூல்களில் ரோஜா நிறம், ஊதா நிறம் என்று எழுதியிருப்பது வெள்ளைத் தோலை வைத்து எழுதியது. நம் பெண்களுக்குக் காம்பு இயல்பாகவே அடர்பழுப்பாக இருப்பதால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அதனால் இன்னொரு காம்போடு ஒப்பிடுங்கள், தொட்டுச் சூடு பாருங்கள், நேற்றைவிட உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே விளக்கில், ஒரே தூரத்தில் எடுத்த படம் நாளுக்கு ஒன்று உங்கள் செல்பேசியில் இருந்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

சந்தேகம் இருந்தால் அன்றிரவே கூப்பிடுங்கள், பதினான்காம் நாள் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் மருத்துவரை எட்ட முடியவில்லை என்றால் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். உங்கள் மாவட்டத்திலேயே பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூச்சப்படாமல் இப்படிச் சொல்லுங்கள்: "காம்பு அறுவை சிகிச்சை செய்து ஒன்பது நாள், இழுப்பு நூல் போட்டிருக்கிறது, நுனி கறுத்திருக்கிறது, நூலைத் தளர்த்த வேண்டுமா என்று பார்க்க வேண்டும்." பணியில் இருக்கும் எந்த அறுவை மருத்துவரும் செய்யக்கூடிய வேலைதான் இது. சிரிஞ்சின் மேல் விளிம்பில் இருக்கும் முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டினால் இழுப்பு உடனே விடுபடும். தோலுக்கு அருகில் வெட்டினால் நூல் உள்ளே மாட்டிக்கொள்ளும். நீங்களே வெட்டுவது, உங்கள் மருத்துவர் தொலைபேசியில் சொன்னால் மட்டும்.

நூலை விட்டுவிட்டால் செய்த சிகிச்சை வீணாகிவிடுமோ என்று உங்களுக்குத் தோன்றும். காம்பு கொஞ்சம் உள்வாங்கினால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். நுனி செத்துப்போனால் பழையபடி கொண்டுவர வழியில்லை. இந்தக் கணக்கில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

ஒன்பதாம் நாள் ஏன் இப்படி ஆயிற்று? வீக்கம் உச்சத்தில் இருப்பது முதல் இரண்டு மூன்று நாள்தான், அது கடந்துவிட்டது. உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஐந்தாம் நாள் நூலை இறுக்கியது ஒன்று, இறுக்கமான உள்ளாடை சிரிஞ்சை மார்போடு அழுத்திக்கொண்டிருப்பது மற்றொன்று. சிரிஞ்சை அழுத்தினால் அதன் அடி விளிம்பு காம்பைச் சுற்றிய கருவளையத்தில் பதிந்து, ரத்தம் திரும்பும் நாளங்களை நெரிக்கும். அந்த உள்ளாடையை இன்றே விட்டுவிடுங்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் உங்கள் அறையில் வேண்டாம் என்று சொல்லுங்கள். நிகோடின் நுண்ணிய ரத்த நாளங்களைச் சுருக்கும்.

தாங்கியின் வேலை என்ன?

உங்கள் வீட்டில் நடக்கும் விவாதத்துக்கெல்லாம் காரணம், இந்தச் சிரிஞ்ச்தான் காம்பை வெளியே இழுத்துக்கொண்டுவருகிறது என்ற எண்ணம். காம்பை வெளியே கொண்டுவரும் வேலை அறுவை அரங்கிலேயே முடிந்துவிட்டது. மருத்துவர்கள் ஸ்பிளின்ட் என்று சொல்லும் இந்தத் தாங்கி, வந்த காம்பை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறது. கூடவே துணியும் கையும் படுக்கையும் அதை உள்ளே அழுத்தாமல் காக்கிறது. தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கும் குச்சி செடியை வளர்ப்பதில்லை. கயிற்றை இறுக்கிக் கட்டினால் தண்டுதான் அறுபடும். நூல் விறைப்பாக நிற்க வேண்டும், காம்பை நீட்டக்கூடாது.

உங்களுக்குப் போட்டிருப்பது எளிய, மலிவான, நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 10 மில்லி அல்லது 20 மில்லி சிரிஞ்சை எடுத்து, விரல் பிடிக்கும் அகன்ற விளிம்பிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. நீளத்துக்கு வெட்டுவார்கள். 10 மில்லி சிரிஞ்சின் வாய் சுமார் ஒன்றரை செ.மீ., 20 மில்லியினுடையது சுமார் இரண்டு செ.மீ. அகலம். காம்பு வீங்கினாலும் சுவரில் உரசாதபடி அளவு பார்த்து எடுக்க வேண்டும். அகன்ற விளிம்பு தோல் பக்கம் இருக்க வேண்டும், வெட்டிய முனை மேலே. தலைகீழாக வைத்தால் வெட்டிய கூர்மை தோலைக் கிழித்துவிடும். விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே காஸ் துணியோ மெல்லிய ஃபோமோ வளையமாக வைக்க வேண்டும். காம்பின் குறுக்கே 3-0 அல்லது 4-0 எனப்படும் மெல்லிய அளவு நைலான் நூல் ஒன்றோ, கூட்டல் குறிபோல இரண்டோ கோத்து மேல் விளிம்பில் கட்டுவார்கள்.

நூலே இல்லாமல் நடுவில் ஓட்டையிட்ட காஸ் அடுக்கையோ ஃபோம் வளையத்தையோ மட்டும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து அளக்கும் பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்ப்பவர்கள், சிலிகான் காம்புக் கவசம் வைப்பவர்கள், காம்பின் அடியில் சிறு உலோகக் கம்பியைச் சில மாதம் விட்டுவைப்பவர்களும் உண்டு. இவற்றில் ஒன்றுதான் சரி, மற்றவை தவறு என்று சொல்லிவிட முடியாது. எந்த முறையில் அறுத்தார்கள், உள்ளே எவ்வளவு நார் இருந்தது என்பதைப் பொறுத்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். தோழிக்கு வேறு மாதிரி போட்டார்களே என்று கவலைப்பட வேண்டாம்.

மாமியார் சொல்லும் பிஸ்டன்

அவர் இல்லாததைச் சொல்லவில்லை. கர்நாடகத்தின் தாவணகெரேயில் குழந்தை மருத்துவர் டாக்டர் நிர்மலா கேசரியும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட முறை அது. 10 மில்லி சிரிஞ்சின் ஊசி முனையை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய பக்கமாகப் பிஸ்டனை நுழைப்பார்கள். வழவழப்பான அகன்ற பக்கத்தைக் காம்பின் மேல் வைத்து, பிஸ்டனை மெதுவாகப் பின்னால் இழுத்து, அரை நிமிடம், ஒரு நிமிடம் பிடித்து விடுவார்கள். பிரசவமான தாய், பால் கொடுப்பதற்கு முன் காம்பை வெளியே எடுக்க இது நல்ல கைவைத்தியம். செலவும் கிடையாது. பிரிட்டன் பிளாஸ்டிக் சர்ஜன் டக்ளஸ் மெக்ஜார்ஜ் 1994இல் விவரித்த நிப்லெட் என்ற சிறு குப்பியும் இதே உறிஞ்சும் தத்துவம்தான்.

இரண்டும் காயமில்லாத தோலுக்கு உரியவை. உங்கள் காம்பின் அடியில் ஒன்பது நாள் வயதான காயம் இருக்கிறது. அங்கே உறிஞ்சினால் ஒட்டத் தொடங்கிய திசு பிரியும், உள்ளே ரத்தம் கட்டும், கழுத்துத் தையல் அறுந்துபோகும். ரத்தம் கட்டினால் அது பிறகு கெட்டித் தழும்பாகிக் காம்பை முன்னைவிட ஆழமாக உள்ளே இழுக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் உங்களுக்கும் ஒரே சிரிஞ்ச்தான், ஆனால் அவருக்கு அது இழுக்கும் கருவி, உங்களுக்குத் தாங்கும் கருவி. இதை மாமியாரிடம் காட்டியே படிக்கச் சொல்லுங்கள்.

இடது பக்கம் நூல் தளர்ந்தது

நூல் தளர்வது பெரும்பாலும் கோளாறல்ல. மூன்று நான்கு நாளில் வீக்கம் வற்றும்போது காம்பு சிறுத்து நூல் தானாகவே தொய்யும். அதனால்தான் வலது பக்கமும் ஐந்தாம் நாள் தளர்ந்திருந்தது. வேறு காரணங்களும் உண்டு. நைலான் வழுக்கும் நூல் என்பதால் முடிச்சு நழுவலாம். சிரிஞ்ச் சாய்ந்திருக்கலாம். கவனிக்க வேண்டியது, நூல் காம்பின் சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு மேலேறுவது. துளை வட்டமாக இல்லாமல் நீண்ட கீறலாகத் தெரிந்தால் அதுதான் நடக்கிறது. அப்படியானால் மறுபடி இறுக்கவே கூடாது, நூலை எடுத்துவிட்டு வளையத் தாங்கிக்கு மாற வேண்டும்.

சிரிஞ்ச் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பது இங்கே வசதி. காம்பின் நுனி எந்த மட்டத்தில் நிற்கிறதோ, வெளிச்சுவரில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். காலையும் இரவும் உட்கார்ந்த நிலையில் பாருங்கள், படுத்தால் மட்டம் மாறும். கோட்டுக்குக் கீழே சற்று இறங்கி அங்கேயே நின்றால் பதினான்காம் நாள் வரை விடலாம். நாளுக்கு நாள் இறங்கினாலோ, நுனி கருவளையத்தின் மட்டத்துக்கே வந்துவிட்டாலோ மறுநாளே காட்டுங்கள். உங்கள் இடது காம்பு விரலுக்கே வராத வகை. 1999இல் ஹான், ஹாங் என்ற கொரிய மருத்துவர்கள் வகுத்த மூன்று நிலைப் பகுப்பில் அது மூன்றாம் நிலை, வலது இரண்டாம் நிலை என்று கடிதத்தை வைத்துச் சொல்லலாம். மூன்றாம் நிலையில் நார் அதிகம், பால் நாளங்கள் குட்டை, காம்பின் அடியில் சதை குறைவு. திரும்ப உள்வாங்கும் வாய்ப்பும் அதில்தான் கூடுதல்.

அரிப்பும் சிவப்பும் பிளாஸ்டர் ஒட்டிய வடிவத்திலேயே, நேர்க்கோட்டு ஓரத்தோடு இருந்தால் அது பசை ஒவ்வாமை. காகிதப் பிளாஸ்டருக்கோ சிலிகான் பிளாஸ்டருக்கோ மாற்றி, ஒட்டும் இடத்தையும் நாளுக்கு நாள் மாற்றினால் போதும். சிரிஞ்ச் விளிம்பின் அடியில் மட்டும் வட்டமாகச் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் அது அழுத்தப்புண்ணின் தொடக்கம். அடியில் இருக்கும் பஞ்சைத் தடிப்பாக்க வேண்டும், அதை மருத்துவமனையில் செய்யட்டும். சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலும், சுட்டாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலும் அது கிருமித்தொற்று. அன்றே போங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், கற்றாழை எதையும் நூல் துளைகளில் வைக்காதீர்கள்.

பதினான்கு நாளா, மூன்று மாதமா?

இரண்டும் சரி. உங்கள் மருத்துவர் சொன்னது நூலுக்கான கணக்கு, இணையத்தில் நீங்கள் படித்தது நூலில்லாத பாதுகாப்பு வளையத்துக்கான கணக்கு.

காயம் ஆறுவதை நாள் வாரியாகப் பார்த்தால் இது புரியும். முதல் மூன்று, ஐந்து நாள் வீக்கம். அதன்பின் புதிய நார்ப்புரதம் படியத் தொடங்கும். கூடவே தசைபோலச் சுருங்கும் செல்கள் காயத்தை உள்பக்கமாக இழுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் இந்த இழுப்பு பலமாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் காயத்தின் உறுதியோ இயல்பான தோலின் கால் பங்கு அளவுதான். மூன்று மாதத்தில் அது எண்பது சதவீதத்தை எட்டும், அதற்கு மேல் ஏறுவதில்லை. தழும்பு மென்மையாவது மட்டும் ஒரு வருடம் வரை நடக்கும்.

இழுப்பு பலமாகவும் காயம் பலவீனமாகவும் இருக்கும் காலம் முழுக்க நூலை வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். நூல் அன்னியப் பொருள். நாளாக ஆகச் சதையை அறுக்கும், துளை வழியாகக் கிருமி இறங்கும், புள்ளிப் புள்ளியாகத் தழும்பு நிற்கும். அதனால் பெரும்பாலோர் ஒன்று, இரண்டு வாரத்தில் நூலை எடுத்துவிட்டு, குறைந்தது ஆறு வாரம், நார் அதிகமானவர்களுக்கு மூன்று மாதம் வரை ஃபோம் வளையத்துக்கு மாற்றுகிறார்கள். கழற்றும் நாளில் "அடுத்து என்ன தாங்கி, எத்தனை வாரம், இரவிலும் வேண்டுமா" என்று நீங்களே கேளுங்கள். பல இடங்களில் நூலை எடுத்ததோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாதிச் சிகிச்சை அங்கேதான் கோட்டை விடப்படுகிறது.

வளையத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் மென்மையான மருத்துவ ஃபோமை ஏழெட்டு செ.மீ. வட்டமாக வெட்டி, நடுவில் இரண்டு, இரண்டரை செ.மீ. ஓட்டை போடுங்கள். தடிமன்தான் முக்கியம். காம்பின் உயரத்தைவிட அரை செ.மீ.யாவது கூடுதலாக இருக்க வேண்டும். உள்ளாடை போட்டபின் வளையம் அமுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு செ.மீ.க்குக் குறைந்தால் துணி காம்பின் தலையில் உட்கார்ந்து உள்ளே அழுத்தும், வளையம் போட்டதற்கு அர்த்தமே இருக்காது. வியர்வையில் ஃபோம் ஊறும், அதனால் நான்கைந்து வெட்டி வைத்துக்கொண்டு தினமும் மாற்றுங்கள்.

இந்த நாட்களில் வீடும் வேலையும்

வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிய, கம்பியில்லாத பருத்தி உள்ளாடை வாங்கி, காம்பு வரும் இடத்தில் வட்டமாக வெட்டிவிடுங்கள். சிரிஞ்ச் அந்த ஓட்டை வழியாக வெளியே நிற்கட்டும். மேலே தொளதொளப்பான குர்தாவோ, மடிப்பு விரித்த துப்பட்டாவோ போட்டால் கவுன்டரில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது. கடையில் துணிக்கட்டுகளை மார்போடு அணைத்துத் தூக்குவது உண்டல்லவா, அதைச் சக ஊழியரிடம் விடுங்கள். அடையாள அட்டையின் கயிறும், குறுக்கே மாட்டும் கைப்பையின் வாரும் இடித்துக்கொண்டே இருக்கும். பேருந்து நெரிசலில் பையை மார்புக்கு முன்னால் கேடயம்போலப் பிடிப்பது நம் பெண்களின் வழக்கம். இப்போது பைக்கும் மார்புக்கும் நடுவே முழங்கையை வைத்து இடைவெளி விடுங்கள். விடுப்பு கிடைக்குமானால் நூல் எடுக்கும் வரை வீட்டில் இருப்பதே நல்லது.

குளியல் இடுப்புக்குக் கீழே, மேலே ஈரத்துணியால் துடைப்பது. சிரிஞ்சுக்குள் தண்ணீர் போனால் வெளியேற வழியில்லாமல் தோல் ஊறிவிடும். நாளுக்கு ஒரு முறை சலைனில் நனைத்த பஞ்சுக் குச்சியால் நூல் துளையைச் சுற்றித் துடைத்து, காய்ந்த குச்சியால் ஒற்றுங்கள். மருத்துவர் களிம்பு கொடுத்திருந்தால் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். மல்லாந்து, தலைப்பக்கம் சற்று உயர்த்திப் படுங்கள். புரளாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை வையுங்கள். ஆறு வாரம் வரை கணவர் மார்பைத் தொட வேண்டாம். இதை மருத்துவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, நோயாளிகளும் கேட்பதில்லை. உள்வாங்கும் கேஸ்கள் சிலவற்றின் பின்னால் இதுவும் இருக்கிறது.

தாங்கியைக் கழற்றியதும் காம்பு சற்று இறங்கும். பயப்பட வேண்டாம், அதை எதிர்பார்த்தே கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். உணர்ச்சி மரத்திருப்பது சில வாரம் முதல் சில மாதம் வரை இருக்கலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

பால் கொடுப்பது, மறு சிகிச்சை, ஆவணங்கள்

காம்பு உள்வாங்கியிருந்தால் பால் கொடுக்கவே முடியாது என்று உறவினர்கள் சொன்னது தவறு. குழந்தை காம்பை மட்டும் பிடித்துக் குடிப்பதில்லை, கருவளையத்தையும் சேர்த்து வாயில் வாங்கித்தான் குடிக்கிறது. உள்வாங்கிய காம்போடு பால் கொடுத்த தாய்மார்கள் ஏராளம். இன்னும் பிள்ளை பெறாதவர்களுக்கு, தொந்தரவு இல்லாவிட்டால் பிரசவங்களுக்குப் பிறகு செய்துகொள்ளலாமே என்று சொல்பவர்களே அதிகம். செய்தது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. வெட்கமும் மன உளைச்சலும் மடிப்பில் அடிக்கடி புண்ணாவதும்கூட நியாயமான காரணங்கள்தான். ஆனால் பாலுக்காக என்று நினைத்துச் செய்திருந்தால், இந்த அறுவை சிகிச்சை பால் கொடுப்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை, சில வேளை வாய்ப்பைக் குறைக்கவும் செய்யும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் பால் நாளங்களை விட்டுவைத்தார்களா, வெட்டினார்களா என்பதில் இருக்கிறது. வலது பக்கம் பெரும்பாலும் விட்டுவைத்திருப்பார்கள். இடது பக்கம், மூன்றாம் நிலையில், வெட்டாமல் காம்பு மேலே வருவது கடினம். வெட்டியிருந்தால் அந்தப் பக்கம் பால் வெளிவராது. பிரசவமான முதல் சில நாள் அந்த மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், பிறகு சுரப்பது தானாக வற்றிவிடும். ஒரு மார்புப் பாலிலேயே ஒரு குழந்தையை வளர்க்கலாம் என்பதால் அதற்காகக் கலங்க வேண்டாம்.

மறுபடி உள்ளே போய்விட்டால் உடனே அடுத்த அறுவைக்கு ஓடாதீர்கள். தழும்பு இளகும் வரை, குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். கெட்டித் தழும்பில் மீண்டும் கத்தி வைத்தால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். சற்றே உள்வாங்கி, இழுத்தால் வரும் நிலை என்றால் காயம் முழுதாக ஆறியபின், மருத்துவர் சொல்லும் நேரத்தில், மாமியாரின் பிஸ்டன் சிரிஞ்சுக்கு அப்போது வேலை இருக்கலாம்.

இடையில் வாசகர்கள் அனைவருக்கும் ஒரு எச்சரிக்கை. இந்தச் சகோதரிக்கு இரண்டு பக்கமும் பருவ வயதிலிருந்தே இருந்தது, அது பிறவி அமைப்பு. நன்றாக இருந்த காம்பு புதிதாக, அதுவும் ஒரு பக்கம் மட்டும் உள்ளே போனால் அழகுச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கவே கூடாது. பால் நாள அழற்சி, மார்பகக் காசநோய், புற்றுநோய் எதுவாகவும் இருக்கலாம். கட்டியோ ரத்தக் கசிவோ சேர்ந்திருந்தால் இன்னும் அவசரம். ஸ்கேனும், வயதுக்கு ஏற்ப மாமோகிராமும் முதலில்.

ஆவணங்கள் விஷயத்தில் உங்களுக்குத் தெளிவான உரிமை இருக்கிறது. மருத்துவர்களின் தொழில்முறை நடத்தைக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். சண்டைக்கு அடித்தளமாக இதைக் கேட்க வேண்டாம். நூல் தளர்வதும் காம்பு இறங்குவதும் நல்ல கைகளிலும் நடக்கக்கூடியவை, கவனக்குறைவு என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது, அறுவைக் குறிப்பின் நகலை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பக்கமும் எந்த முறையில் செய்தார்கள், பால் நாளங்களை என்ன செய்தார்கள், உள்ளே கரையாத தையல் இருக்கிறதா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். உங்களைப் படம் எடுத்திருந்தால் அது எங்கே, எதற்குப் பயன்படும் என்றும் கேட்கலாம். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்று சொல்லவும் தயங்க வேண்டாம். வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் இரண்டாவது கருத்துக்குப் போனாலும் இந்தக் குறிப்பு இல்லாமல் அவரால் அதிகம் சொல்ல முடியாது.

கருத்தரிப்பதை ஆறு மாதமாவது தள்ளிப்போட முடிந்தால் நல்லது. கர்ப்பத்தில் மார்பு பெருக்கும்போது ஆறாத தழும்பு இழுபடும். முந்திக்கொண்டு கருத்தரித்தாலும் ஆபத்து ஒன்றுமில்லை, தாங்கி வளையத்தின் ஓட்டையை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். கர்ப்பம் ஏழாம் மாதத்தை எட்டும்போது அந்த அறுவைக் குறிப்பின் நகலை மகப்பேறு மருத்துவரிடம் கொடுத்து, கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பிரசவ வார்டில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு, எந்தப் பக்கத்தில் முதலில் பிள்ளையைப் போடுவது என்று அப்போதுதான் தெரியும்.